குவாரனி இலக்கணம்: எழுதப்படுவது யாருடைய பேச்சு?

"நான் வேலை செய்கிறேன்" என்பதைப் பராகுவே நாட்டவர் தங்கள் குவாரனி மொழியில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். "அம்பா'அப்போ" என்பது பாடநூல்களில் காணப்படும் குவாரனி. "அத்ரபாஹா" என்பது பேருந்திலும் சந்தையிலும் கேட்கும் குவாரனி. இரண்டாவதன் வேர் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியும். ஆகவே அது குவாரனியே அல்ல என்று சொல்லும் ஆசிரியர்களும் அங்கே உண்டு. ஆனால் இவ்விரண்டையும் எதிர்மறையாக்கிப் பார்த்தால் கதை மாறுகிறது. முதலாவது "நம்பா'அப்போய்" என்றாகிறது; இரண்டாவது "ந்தத்ரபாஹாய்" என்றாகிறது. எதிர்மறை உருபு சொல்லின் முன்னும் பின்னும் வந்து அதை அணைத்துக்கொள்கிறது: முன்னால் "ந்த்", பின்னால் "ய்". முதல் சொல்லில் வேரின் தொடக்கத்திலேயே மூக்கொலி இருப்பதால் "ந்த்" தேய்ந்து வெறும் "ந்" ஆகிறது. ஸ்பானிய வேரின் தொடக்கத்தில் மூக்கொலி இல்லாததால் "ந்த்" அப்படியே நிற்கிறது. அயல்மொழிச் சொல்லைக் கடன் வாங்கியவர், தன்மை முன்னொட்டு, இரட்டை எதிர்மறை உருபு, மூக்கொலி இயைபு ஆகிய மூன்று குவாரனி விதிகளையும் அதன்மேல் பிசகாமல் செலுத்தியிருக்கிறார். சொல் ஸ்பானியம், இலக்கணம் முழுக்கக் குவாரனி.

இன்றைய குவாரனியின் இலக்கணத்தைப் படிக்கப் புகுபவர் எவரும் இந்த இடத்தில் நின்றுதான் ஆகவேண்டும். இலக்கணம் என்பது எந்தப் பேச்சுக்கு? நானூறு ஆண்டுகளாக இந்த மொழிக்கு இலக்கணம் எழுதப்பட்டு வருகிறது. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு குவாரனியைத் தேர்ந்தெடுத்து, மற்றதை ஒதுக்கியே எழுதியிருக்கிறது.

குவாரனிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தோராயமாகவே காட்ட முடியும். இங்கே மேற்குறி ( ' ) வரும் இடத்தில் தொண்டைக்குள் ஒலி ஒரு கணம் அடைபட்டுத் திறக்கிறது. குவாரனியில் இது தனி எழுத்தாகவே கருதப்படுகிறது. "புசோ", அதாவது ஒலி அறுதல், என்று அதற்குப் பெயர்.

தென் அமெரிக்காவின் துப்பி மொழிக்குடும்பத்தில், துப்பி-குவாரனி என்ற கிளையைச் சேர்ந்தது இம்மொழி. அந்தக் கிளையின் கடற்கரைப் பேச்சிலிருந்து போர்த்துகீசியர் எடுத்துச் சென்ற சொற்கள் உலகெங்கும் பரவின. நாம் "அன்னாசி" என்று சொல்லும்போதும், ஈழத்தில் முந்திரியைக் "கஜு" என்று சொல்லும்போதும், போர்த்துகீசியர் வழியாக வந்த துப்பிச் சொற்களைத்தான் உச்சரிக்கிறோம். குவாரனியை 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பழங்குடியினர் அல்லர் என்பதுதான் வியப்பு. பராகுவேயின் மக்கள்தொகையில் பழங்குடியினர் சுமார் 2 விழுக்காடே. ஆனால் நாட்டின் பெரும்பான்மையினர் குவாரனி அறிந்தவர்கள். அமெரிக்கக் கண்டங்களில் ஒரு பூர்வகுடி மொழி, பூர்வகுடி அல்லாத பெரும்பான்மை மக்களின் தாய்மொழியாக நிலைத்திருப்பதற்கு இதற்கு நிகரான எடுத்துக்காட்டு வேறில்லை. 1537இல் அசுன்சியோன் நகரம் நிறுவப்பட்டபின் அங்கு வந்து சேர்ந்த ஸ்பானியர் மிகச் சிலரே. அவர்களுடைய பிள்ளைகள் குவாரனித் தாய்மாரிடம் வளர்ந்தனர். வீட்டின் மொழி குவாரனியாகவே தொடர்ந்தது.

இலக்கணம் எழுதும் வேலையைப் பாதிரியார்கள் தொடங்கினார்கள். பிரேசில் கடற்கரையின் துப்பி மொழிக்கு ஜோசே தெ அன்சியேத்தா எழுதிய இலக்கணம் 1595இல் அச்சானது. லிமாவில் பிறந்த இயேசு சபைத் துறவி அந்தோனியோ ரூயிஸ் தெ மொந்தோயா, குவாரனிக்கான பெரும் அகராதியை 1639இலும், இலக்கணத்தையும் மற்றோர் அகராதியையும் 1640இலும் மத்ரீத் நகரில் அச்சிட்டார். அக்காலத்து வழக்கப்படி இலத்தீன் இலக்கணமே அவருடைய அளவுகோல். வேற்றுமை, காலம், வினை வாய்பாடு என்று அந்தச் சட்டத்துக்குள் குவாரனியை அமர்த்த முயன்றார். ஆனால் மொந்தோயாவின் காது கூர்மையானது; சட்டத்துக்குள் அடங்காதவற்றையும் எழுதிவைத்தார். இந்த மொழியில் பெயர்ச்சொல்லும் இறந்தகாலம், எதிர்காலம் கொள்கிறது என்ற குறிப்பு அந்தப் பழைய இலக்கணங்களிலேயே வந்துவிட்டது. அதை மொழியியலாளர்கள் பெரிய விவாதமாக்கியது 21ஆம் நூற்றாண்டில்தான்.

மொந்தோயா எழுதியது எந்தக் குவாரனி என்பதைப் பின்னாளில் தெளிவாக்கியவர், அதே சபையைச் சேர்ந்த பார்த்தோமேயு மெலியா. பழங்குடிக் குழுக்கள் பேசும் குவாரனி, இயேசு சபையார் பழங்குடியினரைக் குடியேற்றிய தங்கள் முப்பது ஊர்களில் வளர்த்த குவாரனி, பராகுவே குடிமக்களின் குவாரனி என மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார் அவர். இடியோடு தொடர்புடைய "துப்பா" என்ற தெய்வப்பெயர் கிறித்தவக் கடவுளுக்கும், சமயத் தலைவரைக் குறித்த "பா'இ" என்ற சொல் பாதிரியாருக்கும் ஆகிவந்ததை ஆராய்ந்து, துறவிகள் மொழியைப் பதிவுசெய்தது மட்டுமல்ல, புதிய ஒன்றைப் படைக்கவும் செய்தார்கள் என்று காட்டினார். 1767இல் இயேசு சபையார் வெளியேற்றப்பட்டதும் அந்த எழுத்து மொழி ஆதரவற்றுப் போனது. மற்ற இரண்டும் தத்தம் வழியே சென்றன. இன்று "குவாரனி இலக்கணம்" என்று பொதுவாகச் சொல்லப்படுவது மூன்றாவதன் இலக்கணம். ம்பியா, பாய் தவித்தெரா போன்ற பழங்குடிக் குவாரனி மொழிகளுக்குத் தனித்தனி ஆய்வுகள் உள்ளன. அவற்றை இதனுடன் குழப்பிக்கொள்வது, பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டுமே நேரும் பிழை.

இனி மொழிக்குள் நுழையலாம். முதலில் ஒலி. குவாரனியில் ஆறு உயிரொலிகள் வாய்வழியாகவும், அதே ஆறும் மூக்குவழியாகவும் ஒலிக்கின்றன, மொத்தம் பன்னிரண்டு. ஆறாவது உயிரொலி ஸ்பானியருக்கு எப்போதும் தொல்லை தந்தது. இதழ் குவியாமல், நாவின் நடுப்பகுதியை உயர்த்தி ஒலிப்பது அது. நம் குற்றியலுகரத்தை நீட்டி, சற்று முன்னே தள்ளி ஒலித்தால் ஏறக்குறைய அருகில் வரும். அந்த ஒற்றை ஒலியே "தண்ணீர்" என்று பொருள்படும் முழுச் சொல்.

ஆனால் ஒலியியலாளர்களை ஈர்த்தது மூக்கொலியின் பரவல்தான். குவாரனியில் மூக்கொலி ஓர் எழுத்தின் பண்பு என்பதைவிடச் சொல்லின் பண்பு என்று சொல்வதே பொருத்தம். சொல்லில் அழுத்தம் பெறும் உயிர் மூக்கொலியாக இருந்தால் அந்தச் சாயல் இடப்பக்கமாகப் பரவி, முன்னொட்டுகளையும் நனைத்துவிடுகிறது. ஒட்டுகளில் பலவற்றுக்கு இரண்டு வடிவங்கள் இருப்பது இதனால்தான். "ஓகா" என்றால் வீடு. "ஓகப்பே" என்றால் வீட்டில். "ஞு" என்றால் வயல்வெளி. அது மூக்கொலிச் சொல் என்பதால் "ஞூமே" என்றே வரவேண்டும். பன்மை உருபு "குவேரா". ஆனால் குழந்தையைக் குறிக்கும் "மித்தா" மூக்கொலிச் சொல், ஆகவே குழந்தைகள் "மித்தாங்குவேரா". சில இடங்களில் முன்னொட்டின் மூக்கொலி வேரின் முதலெழுத்தையே மாற்றுகிறது: "காரு" என்றால் உண், பிறவினையாக்கும் முன்னொட்டைச் சேர்த்தால் "மொங்காரு", அதாவது ஊட்டு.

தமிழ் எழுத்தில் இதைப் படிப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் தானாகவே குழைந்து ஒலிப்பது நமக்குப் பழக்கம் என்பதால், "மொங்காரு" என்று எழுதினாலே சரியான ஒலிக்கு அருகில் வந்துவிடுகிறோம். உரோம எழுத்தில் எழுதும் பராகுவே நாட்டவர் இதற்காகவே இணையெழுத்துகளைத் தனி எழுத்தாக எண்ண வேண்டியிருந்தது. இன்றைய 33 எழுத்து வரிசையில் "ம்ப", "ந்த", "ங்க" ஆகியவை ஒவ்வொன்றும் ஓரெழுத்து. எழுத்துமுறைத் தகராறு சிறியதல்ல. 1867இல், அண்டை நாடுகளுடன் நடந்த பெரும் போரின் நடுவிலேயே, எழுத்துமுறையை ஒழுங்குபடுத்த ஒரு குழு கூடியது. 1950இல் மொந்தெவிதேயோ நகரில் நடந்த மாநாடு இன்றைய முறைக்கு அடித்தளம் இட்டது. ஆனாலும் மூக்கொலிக்குறி தாங்கிய ஜி எழுத்துக்கு யூனிகோடில் முழுமையான தனிக் குறியீடு கிடையாது; ஜி எழுத்தையும் மேலே நெளியும் குறியையும் தனித்தனியாக உள்ளிட்டு ஒட்டவேண்டும். "இப்போது" என்ற அன்றாடச் சொல்லிலேயே அந்த எழுத்து வருவதால், கைபேசியில் எழுதுபவர் பலர் குறியை விட்டுவிட்டே எழுதுகிறார்கள்.

அடுத்தது இடமும் எண்ணும். "நாம்", "நாங்கள்" என்ற வேறுபாடு குவாரனியிலும் உண்டு: கேட்பவரையும் சேர்த்தால் "ஞாந்தே", சேர்க்காவிட்டால் "ஓரே". இதைப் பார்த்ததும் இரு மொழிகளுக்கும் உறவு தேடக் கிளம்புபவர்கள் நம்மிடையே இருப்பார்கள், வேண்டாம். இந்த வேறுபாடு ஒன்றோடொன்று தொடர்பில்லாத எத்தனையோ மொழிகளில் இருக்கிறது. ஒப்புமையால் நமக்குக் கிடைக்கும் ஆதாயம் வேறு: ஸ்பானியர் பக்கம் பக்கமாக விளக்கவேண்டியதை நாம் ஒரு வரியில் கடந்துவிடலாம்.

நாம் நின்று பார்க்கவேண்டியது வினைச்சொற்களின் இருவகைப் பிரிவு. "அகுவாத்தா" என்றால் நடக்கிறேன். "அமானோ" என்றால் சாகிறேன். இவற்றில் "அ" தன்மை ஒருமை முன்னொட்டு. ஆனால் பசிக்கும்போது அந்த "அ" வருவதில்லை, "ஷெவாரே'ஆ" என்கிறார்கள். இந்த "ஷெ", "என்" என்று உடைமை காட்டும் அதே "ஷெ": "ஷெ ரோகா" என்றால் என் வீடு. களைப்பு, நோய், மறதி, நினைவு எல்லாம் இந்த இரண்டாம் வகையில் சேர்கின்றன. "நான் நடக்கிறேன்" என்றும் "எனக்குப் பசிக்கிறது" என்றும் பிரித்துச் சொல்லிப் பழகிய நமக்கு இது இயல்பாகவே படும். ஆயினும் நாம் நான்காம் வேற்றுமையால் செய்வதைக் குவாரனி உடைமை முன்னொட்டால் செய்கிறது.

எந்த வினை எந்த வகையில் சேரும் என்பதை எது தீர்மானிக்கிறது? செய்பவரின் விருப்பம் என்று முதலில் தோன்றும். நடப்பது என் விருப்பம், பசிப்பது என் விருப்பமல்ல. ஆனால் சாவதும் விருப்பத்தால் நேர்வதல்ல; அது முதல் வகையில்தான் இருக்கிறது. மொழியியலாளர் மரியான் மித்துன் 1991இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் குவாரனியை எடுத்துக்கொண்டு இதற்கு விடை சொன்னார்: இங்கே பிரிப்பது விருப்பமல்ல, நிகழ்வா நிலையா என்பதே. சாவு ஒரு நிகழ்வு. பசி ஒரு நிலை. இதற்குச் சான்றாக அவர் பயன்படுத்திய தரவு, எம்மா கிரெகோரெஸும் ஹோர்ஹே சுவாரெஸும் 1967இல் வெளியிட்ட பேச்சுக் குவாரனி விவரணையிலிருந்து வந்தது. ஒரே வேர் இரு வகையிலும் வரும் இடங்கள் அவை. "அக்காரு" என்றால் உண்கிறேன். "ஷெக்காரு" என்றால் நான் சாப்பாட்டு இராமன். "அக்கா'உ" என்றால் மது அருந்துகிறேன். "ஷெக்கா'உ" என்றால் நான் குடிகாரன். முன்னொட்டை மாற்றியதும் செயல் குணமாகிவிடுகிறது. இவ்வளவு சுருக்கமாக ஒருவரின் இயல்பைச் சொல்லிவிடும் வசதியைக் கண்டு எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இரண்டாம் வகை உண்மையில் வினைதானா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. "என் பசி" என்ற பெயர்த்தொடரே பயனிலையாக நிற்கிறது என்பது ஒரு தரப்பு. எதிர்மறை உருபு ஏற்பதால் அது வினையே என்பது மறுதரப்பு. ஆனால் குவாரனியில் வீடும் எதிர்மறை உருபு ஏற்கிறது: "ந்தாஷெரோகாய்" என்றால் எனக்கு வீடில்லை. பெயருக்கும் வினைக்கும் இடையே இலத்தீன் போட்ட வேலி இங்கே எவ்வளவு தாழ்வானது என்பதை இந்த ஒரு சொல் காட்டுகிறது.

செயப்படுபொருள் குன்றாவினைகளில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. வினையின் முன் ஒரே ஓர் இடம்தான் உண்டு. அதில் யார் அமர்வது என்பதை எழுவாயா செயப்படுபொருளா என்பது தீர்மானிப்பதில்லை. தன்மை முதலிடம், முன்னிலை அடுத்தது, படர்க்கை கடைசி என்ற படிநிலையே தீர்மானிக்கிறது. "அஹைஹு" என்றால் நான் அவரை நேசிக்கிறேன். "ஷெரைஹு" என்றால் அவர் என்னை நேசிக்கிறார். நீ என்னை நேசிக்கிறாய் என்பதற்கும் இதுவே. என்னை நேசிப்பவர் யார் என்பதைவிட, நேசிக்கப்படுபவன் நான் என்பதையே சொல் முன்வைக்கிறது. நான் உன்னை நேசிக்கிறேன் என்னும்போது மட்டும் இருவரையும் ஒரே அசைக்குள் அடக்கிய தனி முன்னொட்டு வருகிறது: "ரோஹைஹு". பராகுவேயைப் பற்றி வேறெதுவும் தெரியாதவர்கூடக் கேட்டிருக்கக்கூடிய குவாரனிச் சொல் இது.

உடைமையைப் பற்றி மவுரா வெலாஸ்கெஸ்-காஸ்தியோ 1996இல் எழுதிய ஆய்வு, உடல் உறுப்புகள் வினைக்குள் எப்படிப் புகுகின்றன என்பதை விரிவாகக் காட்டியது. துணி துவைக்கும்போது துணி தனிச்சொல்லாக வெளியே நிற்கிறது: "அஜொஹேய் ஆஓ". கைகழுவும்போது கை வினைக்குள்ளேயே போய்விடுகிறது: "அஜெப்பொஹேய்". இதில் "ப்பொ" என்பதுதான் கை. இப்படி உள்ளே புகுபவை பெரும்பாலும் உடல் உறுப்புகளே. என் கைக்கு நேர்வது எனக்கே நேர்வது என்ற எண்ணம் இலக்கணத்திலேயே பதிந்திருக்கிறது. உறவுமுறைச் சொற்களும் இதேபோல் உடையவரை விட்டுப் பிரியாதவை. பேசுபவர் ஆணா பெண்ணா என்பதையும் அவை பார்க்கும். தாய் தன் பிள்ளையை, மகனானாலும் மகளானாலும், "மெம்பி" என்ற ஒரே சொல்லால் குறிப்பாள். தந்தைக்கோ மகனுக்கு ஒரு சொல், மகளுக்கு ஒரு சொல்.

இனி, மொந்தோயா காலத்திலேயே காதில் விழுந்த அந்தச் செய்தி. பாதிரியார் "பா'இ". "பா'இரா" என்றால் பாதிரியார் ஆகப்போகிறவர், குருமட மாணவர். "பா'இகுவே" என்றால் முன்பு பாதிரியாராக இருந்தவர். இரண்டு உருபுகளும் சேர்ந்த "பா'இராங்குவே" என்றால் பாதிரியார் ஆகவிருந்து, ஆகாமல் போனவர். பதவியை இழந்தவர், இனிக் கட்டப்போகும் வீடு, நிச்சயம் செய்து நின்றுபோன மணமகள் என எல்லாவற்றுக்கும் இந்த உருபுகள் பயன்படும். உடலிலிருந்து பிரிந்த உறுப்புக்கும் "குவே" வரும். "அக்கா" என்றால் தலை; "அக்காங்குவே" என்றால் துண்டிக்கப்பட்ட தலை. மாட்டுத்தலையைக் குழிக்குள் புதைத்து நெருப்பில் வேகவைக்கும் பராகுவே உணவின் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. உயிருள்ள மாட்டின் தலைக்கு அந்த உருபு வராது. அதனால் சமையல் பெயரிலேயே இலக்கணம் தெரிகிறது.

பெயர்ச்சொல்லுக்கும் காலம் உண்டு என்ற கருத்தை 2004இல் ரேச்சல் நார்ட்லிங்கரும் லூயிசா சாட்லரும் உலக மொழிகள் பலவற்றை ஒப்பிட்டு முன்வைத்தபோது குவாரனியையும் எடுத்துக்காட்டினர். 2007இல் யூடித் டோன்ஹவுசர் அதை மறுத்தார். பராகுவேயில் மொழி பேசுபவர்களிடம் நேரில் தரவு சேகரித்தவர் அவர். அவருடைய வாதத்தின் சாரம் இது: காலம் காட்டும் உருபு ஒரு நிகழ்வு எப்போது என்பதை மட்டுமே சொல்லவேண்டும். "குவே" அதற்கு மேல் சொல்கிறது. அந்த நிலை முடிந்துபோயிற்று, ஆனால் அதற்குரிய ஆள் இன்னும் இருக்கிறார் என்ற இரண்டையும் அது உட்கொண்டிருக்கிறது. மேலும், காலம் காட்டும் உருபுகள் "ராங்குவே"யில் நிகழ்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படுவதும் இயல்பல்ல. ஆகவே இவை காலம் அல்ல. நிலைமாற்றத்தைக் காட்டும் உருபுகள். எனக்கு டோன்ஹவுசரின் வாதமே வலுவாகப் படுகிறது. ஆனால் அவர் வென்றது "காலம்" என்ற சொல்லின் வரையறையில்தான். குருமட மாணவருக்கும் பதவி துறந்தவருக்கும் ஒரு மொழி இப்படி உருபு வைத்திருக்கிறது என்ற மலைப்பு அதனால் குறையவில்லை.

அதே ஆய்வாளர் 2011இல் இதன் மறுபக்கத்தை எழுதினார்: பெயரில் மட்டுமல்ல, குவாரனி வினையிலும் காலம் என்பது கட்டாயமான இலக்கணக் கூறு அல்ல. "ஓகுவாத்தா" என்ற உருபற்ற வினைக்கு நடக்கிறார் என்றும் பொருள் கொள்ளலாம், நடந்தார் என்றும் கொள்ளலாம். சூழலே முடிவு செய்யும். எதிர்காலத்துக்கு மட்டும் உருபு வேண்டும்: "ஓகுவாத்தாத்தா". இறந்தகாலத்தை வெளிப்படையாகக் காட்டும் உருபுகளும் இருக்கின்றன. தேவைப்பட்டால் சேர்க்கலாம், கட்டாயமில்லை. இலத்தீன் வாய்பாட்டில் நிகழ்காலம், இறந்தகாலம் என்று கட்டம் போட்டு நிரப்பியவர்களின் பள்ளிப் புத்தகங்கள் இந்த நுட்பத்தை நெடுநாள் மறைத்துவிட்டன.

செய்தியின் மூலத்தைக் காட்டும் இடைச்சொற்களையும் சொல்லிவிட்டு நகரலாம். "ஓஊ" என்றால் வந்தார். "ஓஊ ந்தாஜே" என்றால் வந்தாராம். நம்முடைய "ஆம்" ஈற்றுக்கு இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு கிடைக்காது. "ஓஊமா ரா'ஏ" என்றால் வேறு: அட, வந்துவிட்டாரே, இப்போதுதான் தெரிகிறது என்ற வியப்பு. இவை ஸ்பானியத்தில் இல்லை. பராகுவே நாட்டவர் ஸ்பானியம் பேசும்போதும் குவாரனி இடைச்சொற்கள் சிலவற்றை விடாமல் கொண்டுசெல்கிறார்கள். ஏவலுக்குக் கனிவு சேர்க்கும் "நா" அவர்களுடைய ஸ்பானியத்தில் சாதாரணமாகக் கேட்கும். கடன் ஒருவழிப் பாதையாக இல்லை.

இதுவரை சொன்னவை மொழியின் உள்ளமைப்பு. ஆனால் குவாரனியை மொழியியல் உலகம் முதலில் பேசத் தொடங்கியது இதற்காக அல்ல, இருமொழி வாழ்க்கைக்காக. ஜோன் ரூபின், லூக்கே என்ற நகரிலும் இத்தாபுவாமி என்ற சிற்றூரிலும் ஆய்வு செய்து 1968இல் நூலாக வெளியிட்டார். இருவர் சந்திக்கும்போது எந்த மொழியைத் தேர்கிறார்கள் என்பதற்கு அவர் ஒரு படிமுறையையே வரைந்தார். இடம் சிற்றூரா? ஆம் எனில் குவாரனி. நகரம் எனில், சந்திப்பு முறைசார்ந்ததா? ஆம் எனில் ஸ்பானியம். இல்லையெனில், இருவரும் நெருங்கியவர்களா? விளையாட்டுப் பேச்சா, கனத்த விஷயமா? காதலர்கள் ஸ்பானியத்தில் தொடங்கி, நெருக்கம் கூடியதும் குவாரனிக்கு மாறுவதை அவர் பதிவுசெய்தார். சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் வரையறுத்த இரட்டைவழக்கு ஒரே மொழியின் இரு வடிவங்களைப் பற்றியது. நம் செந்தமிழும் பேச்சுத்தமிழும் அந்த வகை. ஜோஷுவா ஃபிஷ்மன் 1967இல் அதை இரு வேறு மொழிகளுக்கும் விரித்தபோது, பராகுவேதான் அவர் காட்டிய முதன்மையான சான்று.

மேலே ஸ்பானியம், கீழே குவாரனி என்ற இந்தப் படிநிலைக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1864 முதல் 1870 வரை நடந்த அந்தப் போரில் போர்முனை இதழ்கள் குவாரனியில் வந்தன. 1932 முதல் 1935 வரை பொலிவியாவுடன் நடந்த சாக்கோ போரில் படைகளுக்கிடையே செய்தி பரிமாற அது பயன்பட்டது. போர் என்றால் தேசத்தின் மொழி. பள்ளி என்றால் தடை. பள்ளியில் குவாரனி பேசியதற்குத் தண்டனை பெற்ற தலைமுறைகள் உண்டு. 1967இன் அரசமைப்பு அதைத் தேசிய மொழி என்றது. 1992இன் அரசமைப்பு ஸ்பானியத்துக்கு இணையான ஆட்சிமொழி ஆக்கியது. 1994இல் கல்விச் சீர்திருத்தம் அதை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. 2010இல் மொழிச் சட்டமும், 2012இல் குவாரனி மொழிக்கழகமும் வந்தன. கழகம் தன் இலக்கணத்தை 2018இல் வெளியிட்டது.

சிக்கலும் வகுப்பறைக்குள்தான் முற்றியது. குழந்தை வீட்டில் பேசிக்கொண்டு வந்தது "ஜோப்பாரா". கலப்பு என்று பொருள்படும் இந்தச் சொல், பயறும் சோளமும் கலந்து சமைக்கும் ஓர் உணவின் பெயரும்கூட. வறுமையைக் கொண்டுவரும் அக்டோபர்க் கிழவனை விரட்ட, அந்த மாதம் முதல் நாளில் வீடுதோறும் அதைச் சமைப்பார்கள். பள்ளியில் குழந்தை எதிர்கொண்டதோ, ஸ்பானியத்தின் சுவடே இல்லாமல் கட்டப்பட்ட ஒரு மொழி. எண்களைப் பாருங்கள். மரபான குவாரனி எண்கள் நான்குவரைதான் வழக்கில் இருந்தன. ஐந்துக்குக் கையைக் குறிக்கும் "ப்போ"வை எடுத்து, அதனுடன் ஒன்று முதல் நான்கு வரையிலான பெயர்களின் வால்களை ஒட்டி ஆறு முதல் ஒன்பது வரை உருவாக்கினார்கள். அழகான கட்டுமானம் என்பதில் ஐயமில்லை. தேர்வுத்தாளில் உயிருடன் இருக்கிறது. சந்தையில் ஒருவரும் அதில் விலை சொல்வதில்லை. அங்கே ஸ்பானிய எண்கள்தான். எழுத்து வரிசைக்கு "அஷெகெத்தி" என்ற ஆக்கச்சொல்லும் இப்படித்தான், முதல் எழுத்துகளின் ஒலிகளைக் கோத்துத் தொகுப்பைக் குறிக்கும் ஈற்றைச் சேர்த்துச் செய்யப்பட்டது. அது நிலைத்துவிட்டது. எது நிலைக்கும், எது நிலைக்காது என்பதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் இயலவில்லை. தனித்தமிழ் ஆக்கங்களின் கதையை அறிந்த நமக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

ஆய்வாளர்களின் பார்வை மெல்ல மாறியிருக்கிறது. கிரெகோரெஸும் சுவாரெஸும் 1967லேயே ஸ்பானியக் கடன்களை ஒதுக்காமல் பேச்சு மொழியை விவரித்தார்கள். புரூனோ எஸ்திகாரிபியா 2020இல் வெளியிட்ட விரிவான இலக்கணம் கலப்பையும் மொழியின் பகுதியாகவே நடத்துகிறது. குவாரனியின் விதிக்குள் செரித்துவிட்ட கடன்சொல் வேறு, ஒரு வாக்கியத்தின் நடுவே முழுதாக ஸ்பானியத்துக்குத் தாவுவது வேறு என்று பிரிப்பவர்களும் உண்டு. அந்த எல்லைக்கோடு காகிதத்தில் தெளிவாகத் தெரிகிறது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுத உட்கார்ந்தால் வாக்கியத்துக்கு வாக்கியம் நகர்கிறது.

கடைசியாக ஒரு சின்னச் சொல். ஸ்பானியத்தில் பெண்பால் ஒருமைப் பெயருக்கு முன் "லா" வரும். ஆண்பாலுக்கு வேறு சொல். குவாரனி இந்த "லா"வைக் கடன் வாங்கியது, பால் வேறுபாட்டை மட்டும் வாங்கவில்லை. ஆண் "லா", பெண் "லா", வீடு "லா", பன்மைக்கு "லோ". குவாரனியில் பாலே இல்லை என்பதால் அந்த வேறுபாட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று. பின்னர் அது ஸ்பானியத்தில் போகாத இடத்துக்கும் போனது: வினையாலணையும் பெயர்போல வரும் தொடர்களின் முன்னும் நிற்கிறது. "லா ஓஊவா" என்றால் வந்தவர். வந்தவர் ஆணாகவும் இருக்கலாம். மாணவரின் கட்டுரையில் தூய்மை பேணும் ஆசிரியர் முதலில் சிவப்பு மையால் அடிப்பது இந்த "லா"வைத்தான், ஸ்பானியம் என்று. ஸ்பானியம் பேசுபவர் அதைக் கேட்டாலும் பிழை என்றே சொல்வார், ஸ்பானியம் அல்ல என்று.